ஆஷா சிஇ ரெஜிஸ்ட்ரி: சந்தா கட்டத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் ஆஷா (அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்திறன் சங்கம்) தரும் சிசிசி என்ற தொழில்திறன் சான்றிதழை வைத்திருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்களும் ஆடியாலஜிஸ்ட்களும் ஆண்டுதோறும் கட்டுகிற தொகைகளில் ஆகச் சின்னது ஆஷாவின் சிஇ ரெஜிஸ்ட்ரி (தொடர்கல்விப் பதிவேடு) சந்தாவாகத்தான் இருக்கும். சின்னத் தொகைதானே என்று பலர் யோசிக்காமல் கட்டிவிடுகிறார்கள். கட்டாவிட்டால் சிசிசி போய்விடும் என்று பயந்து கட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. ரெஜிஸ்ட்ரி என்பது நீங்கள் முடித்த பாடங்களை உங்களுக்காகக் குறித்து வைக்கும் கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான். அந்தக் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பது லாபமா என்பதே கேள்வி.

முதலில் சிசிசி என்ன கேட்கிறது என்று பார்ப்போம். மூன்று ஆண்டுச் சுற்று ஒன்றுக்கு 30 மணி நேரத் தொழில்வளர்ச்சிப் படிப்பு. சான்றிதழ் கிடைத்த நாளுக்கு அடுத்து வரும் ஜனவரி 1-ல் சுற்று தொடங்கி, மூன்றாம் ஆண்டு டிசம்பர் 31-ல் முடியும். 2024 ஜூனில் சிசிசி வாங்கியவருக்கு முதல் சுற்று 2025 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை. 30-க்கு மேல் எத்தனை மணி நேரம் படித்தாலும் மிச்சம் அடுத்த சுற்றுக்குப் போகாது. 2020 முதல் இந்த 30-க்குள் ஒரு மணி நேரம் தொழில் நெறிமுறை இருக்க வேண்டும் என்றார்கள். 2023 முதல் தொடங்கிய சுற்றுகளுக்குப் பண்பாட்டுப் புரிதல் தொடர்பாக இரண்டு மணி நேரமும் சேர்ந்தது. இந்த உள்ஒதுக்கீடுகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். அதனால் உங்கள் சுற்றுக்கு எது பொருந்தும் என்பதை ஆஷா கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 30 மணி நேரமும் ஆஷா சிஇயு (ரெஜிஸ்ட்ரியில் ஏறும் தொடர்கல்வி அலகு) ஆகவே இருக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. மருத்துவமனையோ பள்ளி மாவட்டமோ நடத்தும் தொழில் பயிற்சி கணக்கில் வரும். பல்கலைக்கழகப் பாடமும் வரும்: ஒரு செமஸ்டர் கிரெடிட் என்றால் 15 மணி நேரம், ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்றால் 10. இரண்டு செமஸ்டர் கிரெடிட் பாடம் ஒன்றை முடித்தவருக்கு மொத்த எண்ணிக்கை தேறிவிடும். நெறிமுறை போன்ற ஒதுக்கீடு மட்டும் பாக்கி நிற்கும். வாராந்திர ஸ்டாஃப் மீட்டிங்கில் உட்கார்ந்ததும், மாணவர்களை மேற்பார்வை செய்ததும், தேர்வு எதுவும் எழுதாமல் ஆய்விதழ் படித்ததும் சேராது. சுற்று முடிந்ததும் விதியை நிறைவேற்றிவிட்டேன் என்று ஆன்லைனில் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். பிறகு சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து ஆதாரம் கேட்பார்கள்.

ரெஜிஸ்ட்ரிக்குப் பணம் கட்டியதன் பலன் அந்த இடத்தில்தான் தெரியும். ரெஜிஸ்ட்ரி வைத்திருக்கும் உங்கள் பாடப் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் 3.0 சிஇயு ஏறியிருந்தால் ஆதாரம் ஏற்கெனவே ஆஷாவிடமே இருக்கிறது. கட்டாதவர் ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்பு, நடத்தியவர், தேதி, மணி நேரம், தன் பெயர் ஐந்தும் உள்ள சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைப் பயிலரங்கின் தாளை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

தசமப் புள்ளி வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மணி நேரம் 0.1 சிஇயு, பத்து மணி நேரம் சேர்ந்தால்தான் 1.0. பாட விளம்பரத்தின் அடியில் ஒரு சிறு கட்டத்தில் '0.15 ஆஷா சிஇயு, இண்டர்மீடியட் லெவல்' என்று போட்டிருந்தால் அது ஒன்றரை மணி நேரப் பாடம். தொழில் செய்ய மாநிலம் தரும் லைசென்ஸின் படிவமோ மணி நேரக் கணக்கில் கேட்கும். டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்து அப்படியே 2.4 என்று நிரப்பினால், 24 மணி நேரம் படித்தவர் இரண்டரை மணி நேரம்கூடப் படிக்காதவராகிவிடுவார்.

பதிவு நடக்கும் விதம் இது. பாடத்தை முடித்ததும், அதை நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் உங்கள் ஆஷா எண்ணைக் கொடுத்து, சிஇயு வேண்டும் என்று குறிக்க வேண்டும். அவர்கள்தான் ஆஷாவுக்கு அறிக்கை அனுப்புவார்கள். நீங்களாக ஏற்ற முடியாது. டிரான்ஸ்கிரிப்டில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். சிசிசிக்கு இந்தத் தாமதத்தால் பாதகமில்லை, பாடம் முடிந்த தேதிதான் முக்கியம். லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கியவருக்கு அது கழுத்தை நெரிக்கும். அவர் அன்றைக்கே சான்றிதழை பிடிஎஃப்பாக எடுத்து வைக்க வேண்டும். சந்தாவும் பாடம் முடித்த அதே நாட்காட்டி ஆண்டுக்குக் கட்டியதாக இருக்க வேண்டும். போன ஆண்டு படித்ததற்கு இந்த ஆண்டு கட்டி ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

தமிழ்ப் பெயர்காரர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, லைசென்ஸில் இனிஷியலாக, ஜூம் பதிவில் வெறும் கூப்பிடு பெயராக இருந்தால், மூன்றும் ஒருவரே என்று பதிவு செய்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆஷா கணக்கில் எந்த வடிவமோ அதையே எல்லாப் பதிவுகளிலும் எழுத்து மாறாமல் போடுங்கள்.

மாநில லைசென்ஸ் தனிக் கணக்கு. கலிபோர்னியா இரண்டு ஆண்டுக்கு 24 மணி நேரம் கேட்கிறது, டெக்சஸ் இரண்டு ஆண்டுக்கு 20, நியூயார்க் மூன்று ஆண்டுக்கு 30. வீட்டில் உட்கார்ந்து பதிவுசெய்த வீடியோ பார்க்கும் சுயபடிப்புக்கு ஆஷா வரம்பு வைக்கவில்லை. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் வைத்திருக்கின்றன. வீடியோப் பாடங்களிலேயே 30-ஐயும் முடித்துவிட்டு, சிசிசிக்குத் தகுதி பெற்று லைசென்ஸுக்குத் தடுமாறுவது இதனால்தான்.

மாணவர்களையோ கிளினிக்கல் ஃபெலோவையோ (படிப்பு முடித்து சிசிசிக்கான பயிற்சிக் காலத்தில் இருப்பவர்) மேற்பார்வை செய்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிசிசி பெற்றபின் ஒன்பது மாத முழுநேர அனுபவமும், மேற்பார்வை பற்றிய இரண்டு மணி நேரப் படிப்பும் 2020 முதல் கட்டாயம். படிப்பு ஒருமுறை முடித்தால் போதும், ஆனால் சிசிசிக்குப் பிறகு முடித்திருக்க வேண்டும். இது இல்லாதவரின் கீழ் எடுத்த மணி நேரங்கள் சான்றிதழுக்குச் செல்லாது. தண்டனை மாணவர் தலையில் விழுகிறது. ஃபெலோவுக்கு அது 36 வாரம், 1,260 மணி நேர உழைப்பு. தொடங்கும் முன்பே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

பாடங்களின் தரத்துக்கு ரெஜிஸ்ட்ரி பொறுப்பேற்காது. பாட விளம்பரத்தின் அந்தச் சிறு கட்டத்திலேயே, நிறுவனத்தை அங்கீகரித்ததால் பாடத்தின் உள்ளடக்கத்தையோ பொருளையோ சிகிச்சை முறையையோ ஆஷா வழிமொழிவதாக ஆகாது என்று எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. காதுக்கருவி விற்பவரே நடத்தும் பாடம் என்றால் பேச்சாளரின் பணத் தொடர்பு பற்றிய அறிவிப்பை முதலில் பாருங்கள், பாட நோக்கங்களை அப்புறம் பார்க்கலாம். பேச முடியாதவரை இன்னொருவர் உதவியோடு எழுத்துகளைச் சுட்டவைக்கும் ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன், ராப்பிட் பிராம்ப்டிங் ஆகிய இரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்று ஆஷாவே 2018-ல் நிலைப்பாடு அறிவித்தது. அதேபோல, ஊதல் ஊதுவது, நாக்கைச் சுழற்றுவது போன்ற பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகளால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இவற்றைப் புதுப்பெயரில் பொட்டலம் கட்டி யாராவது விற்றால், எத்தனை சிஇயு கிடைத்தாலும் அந்த நாள் வீண்.

36 மாதத்தில் 7.0 சிஇயு சேர்ந்தால் ஏஸ் என்ற விருதும் தருகிறார்கள். சுவரில் மாட்டலாம். சம்பளம் ஏறும் என்று எண்ணி 70 மணி நேரம் துரத்த வேண்டாம்.

இரண்டு மூன்று மாநில லைசென்ஸ் வைத்திருப்பவர், பயணத் தெரபிஸ்ட், டெலிபிராக்டிஸ் (ஆன்லைன் சிகிச்சை) செய்பவர், தாள்களைத் தொலைப்பதில் பேர்போனவர் எல்லாரும் தயங்காமல் கட்டலாம். ஒரே பள்ளி மாவட்டத்தில் நிலையாக இருந்து, பயிற்சியெல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறவருக்கு ஒரு கூகுள் டிரைவ் கோப்புறை போதும். படிப்பை முடிக்கும் நிலையில் இருப்பவர்கள் சிசிசிக்கு எழுத வேண்டிய பிராக்சிஸ் தேர்வு முடிந்து சிசிசி வரும்வரை இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இந்தியாவில் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவையும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு: அங்கே புதுப்பிக்கக் கேட்கும் சிஆர்இ (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகள் வேறு. ஆஷா டிரான்ஸ்கிரிப்ட் தானாக அங்கே போய்ச் சேராது. ஊருக்குப் போகும் மாதத்தில் ஆர்.சி.ஐ. அனுமதித்த கருத்தரங்கு எதுவும் நடக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.