நவம்பரில் கிரேலிங் மீன் பிடிக்க அழைத்துச் செல்கிறோம் என்று யாரேனும் சொன்னால்

தென் டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம், நானும் என் பேச்சை நம்பி உடன் வந்த மூவரும் சென்ற நவம்பரில் ஃப்ளை ஃபிஷிங் என்ற தூண்டில் மீன்பிடிப்புப் பயணத்துக்காக 1,06,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். புகார் இப்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் விற்ற சரக்கு எது என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதே சரக்கு வேறு பெயர்ப்பலகையின் கீழும் விற்கப்படக்கூடும்.

ஃப்ளை ஃபிஷிங் என்பது மண்புழுவோ மாவுருண்டையோ வைத்துப் பிடிப்பதன்று. இறகையும் நூலையும் முள்ளின் மீது சுற்றிச் செய்த போலிப் பூச்சியை, கனமான லைனின் (தூண்டில் கயிற்றின்) வீச்சால் நீரின் மேல் மெல்ல இறக்கி மீனை ஏமாற்றுவது. நான் இரண்டு ஆண்டுகளாக மயூர் விஹார் பூங்கா ஒன்றில், முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிப் புல்தரையில் வீசிப் பழகிக்கொண்டிருந்தேன். காலை நடைக்கு வருபவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அப்படிச் சிரிக்காமல் அருகில் வந்து நின்றவர் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மாமா. அவர் ஊட்டிக்காரர். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டு வில்சன் என்ற வெள்ளைக்காரர் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்த கதையைத் தன் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அவரும், என் அலுவலக நண்பர்கள் இருவரும், நானும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு முறையாவது ட்ரவுட் ஆற்றங்கரைக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்தபோது அக்டோபர் பிறந்துவிட்டது.

அந்த ஏற்பாட்டாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது அப்போதுதான். இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள், நவம்பர் நடுவில், ட்ரவுட்டும் கிரேலிங்கும். தலைக்கு 26,500 ரூபாய். பேருந்து, தங்கும் அறை, உணவு, ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (லைன் சுற்றும் உருளை), வழிகாட்டி, மீன்பிடி உரிமம் எல்லாம் அதற்குள் அடக்கம். கம்பளித் தொப்பி அணிந்த ஒருவர், முதுகில் பாய்மரம் போல விரிந்த துடுப்புடைய மீன் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி நிற்கும் படமும் இருந்தது. அது உண்மையான கிரேலிங்தான், அதில் ஐயமில்லை. அவருக்குப் பின்னால் புல்வெளி நடுவே தட்டையாக ஓடும் ஆறுதான் தீர்த்தனுக்குச் சற்றும் பொருந்தாதது. தீர்த்தனோ யானை யானையாகக் கிடக்கும் பாறைகளுக்கு இடையே முட்டி மோதி லார்ஜி என்ற ஊரை நோக்கி இறங்கும் மலையாறு. படத்தில் மீனைப் பார்த்தேனே தவிர ஆற்றைப் பார்க்கவில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் நான் கேள்வி கேட்காமல் இல்லை. நவம்பரில் ட்ரவுட் பிடிக்கத் தடை இருக்குமே என்று தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் கொஞ்சமும் தயங்காமல், "ட்ரவுட் சீசன் முடிந்த பிறகுதான் சார் கிரேலிங் சீசன் ஆரம்பமாகும். இது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்" என்றார். என் வாய் அடைபட்டது அந்தப் பதிலில்தான். ஏனென்றால் இங்கிலாந்தைப் பற்றி நானே அப்படிப் படித்திருந்தேன். அங்கே ட்ரவுட் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத்திலும் முட்டையிடும், கிரேலிங்கோ வசந்தத்தில் இடும். ஆகவே ட்ரவுட்டுக்குத் தடை இருக்கும் குளிர்மாதங்களில் அங்குள்ளவர்கள் கிரேலிங்கைத் தேடிப் போவது வழக்கம். விளம்பரத்தின் வாசகங்களை யாரோ அந்த ஊர்ப் பயணக் குறிப்பு ஒன்றிலிருந்து அப்படியே பெயர்த்து, ஆற்றின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பதே இப்போது என் கணிப்பு. ஒன்றும் அறியாத ஒருவர் இதில் ஏமாந்திருக்க மாட்டார், அரைகுறையாக அறிந்திருந்த நான் ஏமாந்தேன்.

உண்மை நிலவரம் இதுதான். இந்தியாவின் எந்த ஆற்றிலும் கிரேலிங் கிடையாது. அது ஐரோப்பாவிலும் வட ஆசியாவின் மங்கோலியா, சைபீரியா போன்ற பகுதிகளிலும் வட அமெரிக்காவின் வடக்கிலும் வாழும் மீன். ட்ரவுட்டும் நம் நாட்டு மீன் அல்ல என்றாலும், காஷ்மீரில் 1900ஆம் ஆண்டையொட்டியும், குலு பள்ளத்தாக்கில் 1909ஆம் ஆண்டிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட பிரவுன் ட்ரவுட் இன்றைக்கும் அந்த ஆறுகளில் தானாகவே பெருகி வாழ்கிறது. கிரேலிங்கை அப்படி யாரும் இங்கே குடியேற்றவில்லை. இமாசலத்தின் ட்ரவுட் ஆறுகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை தூண்டில் போடுவதற்கே தடை. எந்த மீனைத் தேடி வந்தீர்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை.

வியாழன் இரவு டெல்லி மஜ்னு கா டீலாவில் பேருந்து ஏறி, விடியற்காலையில் ஔட் என்ற ஊரில் இறங்கி, ஜீப்பில் பள்ளத்தாக்குக்குள் போனோம். தங்கும் இடத்தையோ உணவையோ குறை சொல்ல மாட்டேன். ராஜ்மாவும் சுடுசோறும் அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருந்தன. கொடுத்த கருவிகள்தாம் முதல் அதிர்ச்சி. ஐந்தாம் எடை (லைனின் கனத்துக்கேற்ற எண்) என்று குறிக்கப்பட்ட ஒன்பதடி ராடில் அதற்குப் பொருந்தாத தடித்த லைன் சுற்றப்பட்டிருந்தது. அதன் நுனியில், முடி போல மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய நுனி நரம்பான டிப்பெட்டுக்குப் பதிலாக, நம் ஊர்க் கடற்கரையில் கையால் வீசும் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூஸ் நரம்பு. போலிப் பூச்சிப் பெட்டியைத் திறந்தால் பாதி முட்களில் துரு. வழிகாட்டி என்று வந்த இளைஞர் அன்று காலையில்தான் நாள்கூலிக்கு அமர்த்தப்பட்டவர். கிரேலிங் என்ற சொல்லையே எங்கள் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்டார். நல்ல பிள்ளை, அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆற்றில் இறங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பாறை மேல் நின்று ஒருவர் கை தட்டி அழைத்தார். மீன்வளத் துறைக் காவலர். உரிமத்தைக் கேட்டார். ஏற்பாட்டாளர் கொடுத்திருந்த உறையைப் பிரித்து நீட்டினேன். உள்ளே இருந்தது அந்த நிறுவனத்தின் சொந்தத் தலைப்புத்தாளில் எங்கள் நால்வர் பெயரையும் அச்சிட்டு முத்திரை குத்திய ஒரு காகிதம். அரசுத் துறையின் பெயரோ உரிம எண்ணோ அதில் இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மார்ச் 1 வரை யாருக்கும் உரிமம் தருவதில்லை என்று சொன்னார். வழக்குப் போட்டிருக்கலாம், ராடுகளைப் பறிமுதல் செய்திருக்கலாம். மாமாவின் வயதைப் பார்த்தோ, எங்கள் நால்வரின் முகத்தைப் பார்த்தோ அவர் அப்படிச் செய்யவில்லை. மாறாக, நான் நின்றிருந்த இடத்துக்குச் சற்று மேலே, ஆழமில்லாத நீரோட்டத்தில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். பாசி படிந்து கருத்திருந்த கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு முறத்தளவு இடம் மட்டும் துடைத்து வைத்தது போல வெளுத்துக் கிடந்தது. பெண் ட்ரவுட் வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே சரளையை மூடிய இடம் அது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் என் பூட்ஸ் அதன்மேல் பட்டிருக்கும். பணம் போனதைவிட அந்த வெளுத்த சரளைதான் இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

தொலைபேசியில் அழைத்தபோது ஏற்பாட்டாளர் மாற்று ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மாலையில் எங்களை ஒரு தனியார் ட்ரவுட் பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். நீளமான சிமென்ட் தொட்டி, அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு ரெயின்போ ட்ரவுட். பண்ணையாள் ஒரு பிடி தீவனத்தை வீசினார், நீர் கொதித்தது. அதற்குள்தான் எங்கள் போலிப் பூச்சியைப் போட வேண்டுமாம். போட்ட நொடியில் ஒரு மீன் விழுங்கியது. அதை வலையில் எடுத்துப் பார்த்தேன். சிமென்ட் சுவரில் உராய்ந்து உராய்ந்து வால் துடுப்பின் ஓரம் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. பிறகு எடை போட்டு, கிலோ கணக்கில் தனியே காசு கேட்டார்கள். மாமா தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இதுக்கு நாம டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன்கடைக்கே போயிருக்கலாமே, மெட்ரோ செலவோட முடிஞ்சிருக்கும்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம், நான் மட்டும் சற்றுத் தாமதமாக.

டெல்லி திரும்பியபின் ஏற்பாட்டாளர் சொன்ன விளக்கங்கள் நாளுக்கு ஒன்றாக மாறின. தடை ட்ரவுட்டுக்குத்தான், காவலருக்குச் சட்டம் தெரியவில்லை என்றார் முதலில். கிரேலிங் அங்கே இல்லவே இல்லை என்று நான் எழுத்தில் கேட்டதும், உள்ளூரில் ஸ்னோ ட்ரவுட் என்று சொல்வதைத்தான் தாங்கள் கிரேலிங் என்று குறிப்பிட்டதாகப் பதில் வந்தது. ஸ்னோ ட்ரவுட் பெயரில்தான் ட்ரவுட், இனத்தில் கெண்டையின் உறவு. சால்மன் குடும்பத்து மீன்களான ட்ரவுட்டுக்கும் கிரேலிங்குக்கும் முதுகின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால், கொழுப்புத் துடுப்பு என்ற சிறு சதைத் துணுக்கு இருக்கும். கெண்டை இனத்துக்கு அது இருக்காது. இதை எழுதி அனுப்பினேன். மூன்றாவது பதிலாக, மார்ச் மாதப் பயணத்துக்கு 30 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. பணம் வரவில்லை.

நான் செய்த தவறுகளையும் சொல்லியாக வேண்டும். மூவரின் பங்கையும் என் கணக்கில் வாங்கி, மொத்தத் தொகையையும் நானே யுபிஐ வழியாக அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் எண்ணுக்கு. ஜிஎஸ்டி ரசீது கேட்டபோது, பயணம் முடிந்தபின் தருவதாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். இன்று அவர்கள் வாடிக்கையாளர் ஒருவர்தான் என்று வாதிடுகிறார்கள், மற்ற மூவரிடமும் தனித்தனிக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டியதாயிற்று. செலவைப் பகிர்ந்து பயணம் போகிறவர்கள், கணக்கைக் குழுவில் பகிர்ந்தாலும் பணத்தை அவரவர் தனியே கட்டித் தனியே ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. இதையெல்லாம்விட எளிதாக, குலு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, குறிப்பிட்ட தேதிகளில் உரிமம் தருவீர்களா என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். உரிமம் எங்கள் பொறுப்பு என்று யார் சொன்னாலும், உங்கள் பெயரில் துறை வழங்கிய சீட்டைப் புறப்படுவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் பதிவுசெய்தேன், நிறுவனம் அங்கும் கூப்பனையே நீட்டியது. பிறகு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, பதினைந்து நாள் காத்திருந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழி புகார் தாக்கல் செய்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, அந்தப் போலி உரிமத்தாள், கிரேலிங் என்றால் ஸ்னோ ட்ரவுட் என்று அவர்களே எழுதிய மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் இணைத்திருக்கிறேன். மூன்றாவதுதான் மிக வலுவான சான்று என்று வழக்கறிஞர் சொல்கிறார்.

முதல் விசாரணை அடுத்த மாதம். அதே வாசகங்களுடன், அதே கம்பளித் தொப்பிக்காரர் படத்துடன் வந்த விளம்பரத்தை நம்பி உங்களில் யாரேனும் குளிர்காலப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தால், விளம்பரம் மறைவதற்கு முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இன்றே எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.