டி லா சோலின் நான்கு ஆல்பங்கள்: எது நின்றது, எது வெளுத்தது

கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் ரைட் பண்ணிக் கொடுத்த எம்பி3 சிடியில்தான் டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழு எனக்கு அறிமுகம். பாட்டுப் பெயர் ஒன்றும் வராது. டிராக் 01, டிராக் 02 என்றுதான் ஓடும். எது பாட்டு, எது நடுவில் வரும் குட்டி நாடகம் என்று பிரித்துப் பார்க்கவே சில மாதம் ஆனது. ராப் என்றால் முறைப்பும் தங்கச் சங்கிலியும்தான் என்று நினைத்திருந்தவனுக்கு, நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டிலிருந்து வந்த இந்த மூன்று பேரின் கிண்டல் புதிதாக இருந்தது.

அப்புறம் 2014 காதலர் தினத்தன்று, முதல் ஆல்பத்தின் 25ஆம் ஆண்டுக்காக, பழைய ஆல்பங்களை அவர்களே 25 மணி நேரத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆபீஸ் நெட்டில் திருட்டுத்தனமாக இறக்கிய அந்த ஃபைல்களை வைத்துத்தான் ஒன்பது வருடம் ஓட்டினேன். வேறு வழியில்லை. சாம்பிள் என்றால் மற்றவர்களின் பாட்டிலிருந்து வெட்டி எடுத்துப் போடும் துண்டு. அதற்கான பழைய ஒப்பந்தங்கள் ரெக்கார்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதியவை, இணையத்துக்குச் செல்லுமா என்ற சிக்கல் தீரவே இல்லை. ஒருவழியாக 2023 மார்ச் 3 அன்று எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் வந்தன. மூவரில் ஒருவரான ட்ரூகாய் அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு இறந்துபோயிருந்தார். அந்த வாரம் நான்கையும் வரிசையாகக் கேட்டேன், அதற்கப்புறமும் நிறையத் தடவை.

எல்லோரும் கொண்டாடும் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' (1989) இன்றைக்குப் பாதிதான் நிற்கிறது. பழைய பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் விசிலையும் ஸ்டீலி டேன் குழுவின் பாட்டையும் கோத்த 'ஐ நோ' இன்னும் காலையில் போட்டால் வீடே கலகலப்பாகிறது. 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' மட்டும் எனக்குத் திகட்டிவிட்டது. மேடையில் அவர்களே இந்தப் பாட்டு எங்களுக்குப் பிடிக்காது என்று கோஷம் போட்டுவிட்டுப் பாடியவர்கள்தானே! வினாடி வினா நாடகங்கள் முதல் தடவை சிரிப்பு, பத்தாவது தடவை விரல் தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறது. ஒரு நிமிடச் சொச்சம் ஓடும் இன்னொரு துண்டில் டர்டில்ஸ் குழுவின் பாட்டை மெதுவாக்கிப் பின்னால் சுற்றவிட்டிருப்பார்கள். அந்தத் துக்கடாவுக்காகத்தான் வழக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு இவ்வளவு தாராளமாகச் சாம்பிள் அள்ளிப் போட யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தத் தாராளம்தான் இந்த ஆல்பத்தை இன்னமும் காப்பாற்றுகிறது.

'டி லா சோல் இஸ் டெட்' (1991) நீளம் அதிகம். குப்பையில் கிடைத்த கேசட்டைப் பையன்கள் போட்டுக் கேட்டுத் திட்டுவதாக வரும் நாடகத்தை இப்போது முழுதாகக் கேட்க முடிவதில்லை. ஆனால் பெற்ற அப்பாவாலேயே சீரழிக்கப்படும் மில்லியின் கதை உள்ள பாட்டு இதில்தான் இருக்கிறது. மாணவனாக இருந்தபோது அதன் பீட்டுக்குத் தலையாட்டினேன். மகள் பிறந்த பிறகு கேட்டபோது நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' (1996) எனக்குக் கிழவர்களின் புலம்பலாகத் தெரிந்த காலம் உண்டு. கணக்குப் போட்டால், பாடும்போது அவர்களுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான்! தயாரிப்பாளர் ஜே டில்லா போட்ட தலைப்புப் பாட்டின் பீட் அப்படியே இருக்கிறது. உபதேசம் கொஞ்சம் கூடுதல்தான்.

சிடியில் நான் தாண்டித் தாண்டிப் போன 'புலூன் மைண்ட்ஸ்டேட்' (1993) பற்றித்தான் என் கணிப்பு முழுத் தப்பாகப் போனது. நாடகம் குறைவு, பேச்சு அடக்கம். ஒரு பாட்டை மேசியோ பார்க்கரின் சாக்ஸஃபோனுக்கே விட்டுவிட்டு மூவரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். 'ஐ ஆம் ஐ பி'யில் கம்பெனிக்கு நான் சம்பாதித்துக் கொடுக்கிறேன், என் வாடகையோ ஒரு மாதம் பாக்கி என்று மூவரில் இன்னொருவரான பாஸ்ட்னூஸ் சொல்லும் இடம் இருக்கிறது. கூடச் சேர்ந்து கிளம்பிய நண்பர் கூட்டம் கலைந்ததையும் அதே குரலில், யாரையும் திட்டாமல் சொல்கிறார். இருபது வயதில் இதில் எனக்கு என்ன புரிந்திருக்கும்? இப்போது மாதம் ஒரு தடவையாவது இது ஓடுகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் இதில் தொடங்கிவிட்டு முதல் ஆல்பத்துக்குப் போகலாம். நாடகங்களை முதல் தடவை மட்டும் தாண்டாதீர்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது, சாம்பிள்களுக்கு அடியில் இன்னும் சில சாம்பிள்கள் ஒளிந்திருக்கின்றன.