புதியவருக்கு அட்டையா, பட்டறையா?

நிரலாளர்கள் நாள்தோறும் புழங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில், முதன்முறை எழுதுகிறவரின் பெயருக்குப் பக்கத்தில் கையசைக்கும் சின்னமும் 'புதிய பங்களிப்பாளர்' என்ற அட்டையும் தோன்றும். 2018 ஆகஸ்டில் வந்த ஏற்பாடு இது. அதே ஆண்டு ஏப்ரலில்தான், புதியவர்களுக்கு இங்கே நல்ல வரவேற்பு இல்லை என்று நிர்வாகமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தது. அட்டையின் ஆயுள் ஒரு வாரம். பதில் எழுத வருகிறவருக்குக் கனிவாக நடந்துகொள்ளச் சொல்லும் குறிப்பும் தெரியும்.

நோக்கத்தில் குறையில்லை. ஆனால் 'என் பைத்தான் நிரல் ஓடவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு, பிழைச் செய்தியை ஒட்ட மறந்த ஒரு மாணவியை எண்ணிப்பாருங்கள். சற்று நேரத்தில் மூன்று எதிர்வாக்குகள் விழுகின்றன, கேள்வி மூடப்படுகிறது. அட்டை என்ன செய்தது? எதை ஒட்டியிருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சுற்றியிருந்தவர்களுக்கோ அவள் புதியவள் என்பது ஏற்கெனவே தெரியும். பெயருக்குக் கீழே நற்பெயர்ப் புள்ளி, எல்லோரும் தொடங்கும் அதே 1 என்றுதானே இருக்கிறது!

அதே தளம் 2024இல் நிலையாகத் திறந்த 'ஸ்டேஜிங் கிரவுண்ட்' வேறு வழி. புதியவரின் கேள்வி நேராகப் பொதுவெளிக்குப் போகாமல் முதலில் இந்தப் பட்டறைக்கு வருகிறது. இங்கே வாக்குகள் கிடையாது. அனுபவசாலி ஒருவர், "பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள், எந்த வரியில் நிற்கிறது என்று காட்டுங்கள்" என்று கேட்கலாம். மாணவி திருத்துகிறாள், கேள்வி தேறியபின் வெளியாகிறது. அவமானம் இல்லாமல் கற்றுக்கொள்ள வழி கிடைக்கிறது. இரவோடு இரவாகப் பதில் தேவைப்படுகிறவருக்குக் காத்திருப்பு வலிக்கும்தான். பார்க்க ஆள் வேண்டும் என்பதும் உண்மை.

கேள்வி-பதில் தளமாக இல்லாவிட்டாலும், தமிழ் விக்கிப்பீடியாவின் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். புதுப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் வரவேற்புச் செய்தி இடுவார்கள். ஐயம் கேட்க ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வாசகம் என்றாலும், அது புதியவரைப் பார்த்துப் பேசுகிறது. அந்த அளவில் அட்டையைவிட மேல்.

எனக்குப் பட்டறைதான் சரியென்று படுகிறது. ஆனால் அது கேள்விகளுக்கு மட்டுமே. முதன்முறை பதில் எழுதுகிறவரின் பதிவு, எல்லோர் கண்ணிலும் பட்ட பிறகுதான் மூத்தவர்களின் மதிப்பாய்வுக்கு வருகிறது. அவருக்கும் அப்படியோர் இடம் வேண்டும்.