ஃபியூசிங் தட்டும் ஷெல்ஃப் பிரைமரும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் உருக்கி ஒன்றாக்கும் ஃபியூசிங்குக்கு, கண்ணாடி தட்டில் ஒட்டாமலிருக்கப் பூசும் புல்ஸ்ஐ ஷெல்ஃப் பிரைமர் பொடியை முல்லைட், கார்டியரைட் என்ற இரண்டு வகைப் பீங்கான் சூளைத் தட்டுகளிலும் தொடர்ந்து பூசிப் பார்த்ததில் சொல்வது இது. நல்ல சரக்கு. ஆனால் பாதிப் பலன் டப்பாவில் இல்லை, பழைய பூச்சைச் சுரண்டும் வேலையில் இருக்கிறது.

இவ்வகைப் பூச்சில் கண்ணாடியை ஒட்டவிடாமல் காப்பது அலுமினா. தட்டைப் பிடித்துக்கொள்வது கயோலின் களிமண். சுமார் 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் கயோலின் தன் கட்டுநீரை இழந்து தன்மை மாறிவிடும். கண்ணாடித் துண்டுகள் முழுதாக உருகிச் சமமாகும் ஃபுல் ஃபியூஸ் 800 டிகிரியை ஒட்டிப் போகிறது. அந்தச் சூட்டைப் பார்த்த பூச்சை மறுபடி பயன்படுத்தினால் கண்ணாடியின் அடியில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. ஒளி புகாத கண்ணாடியில் இந்தத் தொல்லை அதிகம். மேலேயே இன்னொரு கோட் அடித்துச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உதிரும் அடிப்பூச்சின்மேல் புதுப்பூச்சு நிற்காது, செதில் செதிலாகக் கிளம்பும். ஆகவே ஒவ்வொரு ஃபுல் ஃபியூஸுக்குப் பிறகும் சுரண்டியே ஆகவேண்டும். கண்ணாடியைச் சூட்டில் வளைத்து வடிவத்தில் இறக்கும் ஸ்லம்பிங் அச்சுகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே சூடு குறைவு, ஒரே பூச்சு பல முறை தாங்கும்.

சுரண்டுவதற்குப் பட்டி பார்க்கும் 10 செ.மீ. பிளேடு போதும். படுக்கவைத்துத் தள்ளுங்கள், முனை குத்தினால் தட்டில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் அடுத்த கண்ணாடியில் அப்படியே பதியும். மிச்சத்தை மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். தூசி நுரையீரலுக்கு ஆகாது: என்95 முகமூடி அவசியம். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பூசுவதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலைத் தட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தட்டு குழிந்திருக்கிறது. பெரிய கண்ணாடிக்கு அடியில் அங்கே காற்று சிக்கி, சூட்டில் குமிழாக எழும்பும். அப்படிப்பட்ட தட்டைச் சிறு துண்டுகளுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

கலவை, கன அளவில் 1 பங்கு பொடிக்கு 5 பங்கு தண்ணீர். நீர்மோர் பதம்தான் சரி. கெட்டியானால் பிரஷ் கோடு விழும். பொடி சீக்கிரம் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் கலக்குங்கள். மென்மையான, தட்டையான ஹாக்கே பிரஷ்ஷால் 4 அல்லது 5 கோட், ஒவ்வொன்றும் வேறு திசையில்: குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைவாட்டு. கார்டியரைட் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும் என்பதால் போன இடத்திலேயே திரும்பப் போகக் கூடாது, முதல் கோட் பெயர்ந்து வரும்.

காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் தட்டுக்குள் ஈரம் இருக்கும். சூளை மூடியைச் சற்றுத் திறந்துவைத்து, மெல்லச் சூடேற்றி 260 டிகிரியில் 20 நிமிடம் நிறுத்துங்கள். ஈரத்தோடு கண்ணாடியை ஏற்றினால் நீராவி அடியிலிருந்து குமிழ் தள்ளும், தட்டே வெடிக்கவும் கூடும். ஆறியதும் நைலான் துணியால் பட்டும் படாமலும் ஒரு தடவை தடவினால் பிரஷ் தடம் மறையும். உதிர்ந்த பொடியை ஊதிவிட்டுக் கண்ணாடியை அடுக்கலாம்.

கண்ணாடி தட்டில் ஒட்டாமலிருக்க இடையில் விரிக்கும் தின்ஃபயர் தாள் போட்டாலும் அடியில் பிரைமர் இருக்கட்டும். கண்ணாடி தாளின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் தட்டைக் காப்பது அதுதான்.