சைக்கிளில் ஹோட்டன் சமவெளி என்று நம்பி 51,000 ரூபா போச்சு. தயவுசெய்து வாசிங்க

முந்தாநாள் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆளுக்கு 8,500, ஆறு பேருக்கு 51,000 ரூபா. தம்பி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததற்காக, என் சீட்டுக் காசை எடுத்துக் கட்டினேன்.

பெயர் போடவில்லை. சமூக ஊடகத்தில் சைக்கிள் சுற்றுலா என்று விளம்பரம் போடும் ஒரு பக்கம், அவ்வளவுதான். பட்டிப்பொலயில் இருந்து சைக்கிளில் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள், நடைபாதை தொடங்கும் ஃபார் இன்னில் சைக்கிளை விட்டு, உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளமும் பேக்கர் நீர்வீழ்ச்சியும் நடந்து பார்ப்பது, திரும்ப சைக்கிளில் ஒஹிய ரயில் நிலையத்துக்கு இறக்கம். டிக்கெட், சாப்பாடு, வழிகாட்டி, பின்னாலேயே ஒரு லொறி, எல்லாம் அந்தக் காசுக்குள் என்றார்கள்.

நான் உடனே கட்டவில்லை. பாதிதான் முதலில் தருவேன் என்று போனில் சொன்னேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தங்கச்சி, நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். "நானும் தோட்டத்துப் பிள்ளதாம்மா. எங்கம்மா கொழுந்து பறிச்சுத்தான் என்னைய படிக்க வச்சாங்க. ஒங்கள ஏமாத்தி எனக்கு என்ன வரப்போகுது?" என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் மடங்கிப் போனேன். அன்றைக்கே வங்கியில் முழுக் காசையும் போட்டு ஸ்லிப்பை அனுப்பினேன். 2024இல் கூட்டின 1,350 ரூபா தோட்ட நாள் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், என் அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட 38 நாள் பேர், அதாவது 38 நாள் முழுச் சம்பளம். அதைத் தெரிந்த வாயால்தான் அப்படிப் பேசியிருக்கிறார்.

விடிய 5.30க்கு பட்டிப்பொல ஸ்டேஷனில் நிற்கச் சொன்னார்கள். 1,891 மீட்டர் உயரம், இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அது. அந்தக் குளிரில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். லொறி வந்தது 8.40க்கு. வழிகாட்டி இல்லை, டிரைவர் மட்டும்தான். வந்ததும் எங்களைச் சைக்கிளோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். கேட்டில் டிக்கெட் கேட்டார்கள். டிரைவர், "அது ஒங்க செலவு" என்று கையை விரித்தார். இன்னொரு தடவை காசு கட்டித்தான் உள்ளே போனோம்.

உலக முடிவுக்கு விடியக் காலையிலேயே போய்விட வேண்டும், ஒன்பது பத்து மணிக்கு மேல் அனேகமாக மூடுபனி ஏறிவிடும். மலைநாட்டில் இது தெரியாத ஆளே இல்லை. நாங்கள் நடந்து சேரும்போது மதியம். 800 மீட்டருக்கு மேல் விழும் பள்ளம், எங்களுக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை. தம்பி ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வழியில் ஒரு மரை மட்டும் கிட்ட நின்று புல் மேய்ந்தது, பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷமாவது கிடைத்தது.

இறக்கத்தில்தான் உயிர் போகப் பார்த்தது. தம்பியின் சைக்கிளில் பிரேக் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. காலையிலேயே காட்டினேன், "பின் பிரேக் இருக்குத்தானே" என்றார் டிரைவர். ஒரு வளைவில் அந்தப் பின் பிரேக் கம்பியும் அறுந்தது. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து வடிகானுக்குள் விழுந்தான். முழங்கை கிழிந்து எலும்பு வரைக்கும் தெரிந்தது. பின்னாலேயே வருவதாகச் சொன்ன லொறி முன்னாலேயே ஒஹியவுக்குப் போய்விட்டது. மிச்சத் தூரம் முழுக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ரயிலும் போய்விட்டது.

அன்று இரவே அழைத்தேன். "டிரைவரக் கேட்டுட்டு சொல்றேன்" என்றார். நேற்று, "மெனேஜர் கொழும்பில" என்றார். பிறகு, "ஒங்க தம்பிக்கு ஓட்டத் தெரியல" என்றார். தோட்டத்துப் பிள்ளை என்ற பேச்சே இல்லை, தங்கச்சி என்று கூப்பிடவும் இல்லை. இன்று காலை என் இலக்கத்தை பிளாக் பண்ணியாச்சு. 51,000 ரூபா, ஒரு சதம் திரும்பி வரவில்லை.

எப்படிக் கவனமாக இருப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை, தம்பியைக் காயத்துக்கு மருந்து கட்டக் கூட்டிப்போக வேண்டும். முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீங்க. வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டையைக் கேளுங்க. ஏறுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் கையால் அழுத்திப் பாருங்க, சரியில்லை என்றால் ஏறவே வேண்டாம். ஸ்லிப்பையும் மெசேஜையும் அழிக்காதீங்க. நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நான் அழைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அந்தப் பக்கத்தில் மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார்கள். போட்டிருக்கும் படம் பட்டிப்பொலயில் டிரைவர் எடுத்தது. சிவப்புக் குல்லாவோடு சிரித்துக்கொண்டு நிற்பது என் தம்பி. அதைப் பார்த்து யாராவது காசு கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போங்க.