படுத்த சிங்கமா, வாளேந்திய சிங்கமா?

ஈரானின் சிங்கம்-சூரியன் விருது பிறந்த கதை இது. கஜார் வம்ச மன்னர் ஃபத் அலி ஷா முதலில் ஏற்படுத்தியது வெறும் சூரியன் விருது. 1807 டிசம்பரில் தெஹ்ரான் வந்த நெப்போலியனின் தூதர் கார்தானுக்காகப் பிறந்தது அது. பிறகு ஆங்கிலேயர் தரப்பில் வந்த ஜான் மால்கமுக்கு அதையே நீட்டினார்கள். பிரெஞ்சுக்காரருக்காகச் செய்தது தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார் மனிதர் (சென்னைப் படையில் வளர்ந்தவர்). 1810-இல் சூரியனோடு ஒரு சிங்கத்தையும் சேர்த்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். சிங்கம்-சூரியன் விருது தொடங்கிய ஆண்டு 1808 என்று போடும் பட்டியல்கள் இந்தக் கதையோடு ஒட்டுவதில்லை.

சிங்கம்தான் நிலைத்தது, 1925-இல் கஜார் ஆட்சி முடியும் வரை. பெண்களுக்கென்று 1873-இல் வந்த ஆஃப்தாப் விருது தனி. விக்டோரியா அரசிக்குப் போனது அது.

இன்று ஏலத்துக்கு வரும் சிங்கப் பதக்கங்களில் எது யாருக்குப் போனது? பொது வழக்கம் எளிது. சிங்கம் வாளில்லாமல் படுத்திருந்தால் வெளிநாட்டவருக்கு. வாளேந்தி நின்றால் ஈரானியருக்கு, அதிலும் படையினருக்கு. இதை மட்டும் நம்பி வாங்குகிறவர்தான் ஏமாறுவார். பல நேரம் ஷாவிடமிருந்து கிடைப்பது ஃபர்மான் என்னும் அரசாணை மட்டுமே. பதக்கத்தைப் பெற்றவரே ஐரோப்பிய நகைக்காரரிடம் காசு கொடுத்துச் செய்துகொள்வார். கேட்டபடி சிங்கத்தை நிறுத்தவோ படுக்கவைக்கவோ நகைக்காரருக்கு என்ன தடை?

எங்கே செய்தது என்பதை முதலில் பாருங்கள். வளையத்திலோ ஊசியிலோ பொடிப் பன்றித்தலை முத்திரை இருந்தால் அது 1838-க்குப் பிந்தைய பாரிஸ் வெள்ளி. அடுத்து எனாமல். ஈரானிய வேலையில் சூரியனுக்குப் பெண் முகம், இரு புருவமும் கூடியிருக்கும். பாரிஸ் சிங்கமோ மிருகக்காட்சி சாலையிலிருந்து வந்ததுபோல் இருக்கும். வெளிநாட்டவருக்குரிய பச்சை நாடாவை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், நைந்ததும் மாற்றிவிடுவார்கள்.

ஃபர்மானும் கூட வந்தால் பெயர், வகுப்பு (மொத்தம் ஐந்து), தேதி மூன்றையும் பதக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாசிருத்தீன் ஷா என்ற பிந்தைய கஜார் மன்னரின் ஃபர்மானில் 1290 என்றிருந்தால் இன்றைய ஈரானியக் கணக்குப்படி 621-ஐக் கூட்டி 1911 என்று எழுதிவிடுகிறார்கள். அது சந்திர ஹிஜ்ரி, அதாவது நிலவை வைத்துக் கணிக்கும் இஸ்லாமிய ஆண்டு. அந்த 1290, நாசிருத்தீன் ஷா முதன்முறை ஐரோப்பா போன 1873. ஷா சுடப்பட்டு இறந்ததோ 1896-இல். 1911-இல் அவர் எப்படி முத்திரை வைத்திருப்பார்?