கோபகபானாவின் பிப் பிப்: மைக் இல்லாமல் போசா நோவா

மேடை கிடையாது, மைக் கிடையாது, பரிமாற ஆளும் கிடையாது. ரியோ டி ஜெனீரோவின் கோபகபானாவில், அல்மிரான்டே கொன்சால்வெஸ் தெரு 50-ஆம் எண்ணில் இருக்கும் சின்ன பார் இது. மேசையைச் சுற்றிக் கலைஞர்கள் உட்கார்ந்துவிட்டால் உள்ளே இடம் தீர்ந்தது. மற்றவர்கள் சுவரோரமும் வாசலிலும் நடைபாதையிலும் நின்றுதான் கேட்க வேண்டும். புதன்கிழமை போசா நோவாவுக்கு, அதாவது சம்பாவிலிருந்து பிறந்த மென்மையான பிரேசில் இசைக்கு. மற்ற நாட்களில் தாள வாத்தியங்கள் ஓங்கும் சம்பாவும், பெரும்பாலும் வாத்திய இசையான ஷோருவும். சம்பா இரவுகள் கொண்டாட்டமானவை. ஆனால் ஒரு குரலையும் ஒரு கிட்டாரையும் உன்னிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் புதன்தான்.

போசா நோவா மைக்கை நம்பி வளர்ந்த இசை. 1958-இல் அதன் முன்னோடிப் பாடகர் ஜுவாவ் ஜில்பெர்ட்டோ ஒலிப்பதிவுக்குப் போனபோது குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று தனித்தனி மைக் கேட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, அதில் நடுக்கமே சேர்க்காமல் பாட அதுதான் வழிவிட்டது. அதே பாணியை மைக் இல்லாமல் பாடினால் குரல் வாசற்படியைத் தாண்டாது. ஆகவே இங்கே கூட்டம் வாயை மூடிக்கொண்டாக வேண்டும். பேசினால் அதட்டு விழும், அது சரியும்கூட.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். இந்த இசையில் கட்டைவிரல் தாளத்தின் மேலேயே அடித்தந்தியை மீட்டும். சம்பாவில் சுர்டு முரசு செய்யும் வேலை அது. மற்ற விரல்கள் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, தாள அடிக்குச் சற்று முன்னும் பின்னும் தள்ளிப் பறிக்கும். பாடுபவரோ சொற்களை இன்னும் கொஞ்சம் தாமதித்து விடுவார். இந்த மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் நகர்வதில்தான் சுகமே இருக்கிறது. நடைபாதைக்குப் போய்விட்டால் முதலில் காணாமல் போவது அந்தக் கட்டைவிரல். நைலான் தந்தியின் கீழ்ஸ்தாயி வெட்டவெளியில் நிற்காது, வண்டிச் சத்தம் அதை விழுங்கிவிடும். மெட்டு காதில் விழும், நடை விழாது. எனவே இசை தொடங்கும் முன்பே போய், உள்சுவரை ஒட்டி இடம் பிடியுங்கள். கிட்டார் வாசிப்பவரின் வலது கை தெரிகிற பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

கடல் கூப்பிடு தூரம். ஈரக்காற்றும் கூட்டத்தின் சூடும் சேர்ந்து நைலான் தந்தியின் சுருதியைக் கலைக்கும். பாட்டுகளுக்கு நடுவே பிருடையைத் திருகிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள். மேசையில் இரண்டு மூன்று கிட்டார்கள் ஒரே கார்டை வாசிக்கத் தொடங்கினால் மேலே சொன்ன நுணுக்கமெல்லாம் கலங்கிப்போகும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்கும் பாட்டுதான் இங்கே உச்சம்.

கை தட்டக் கூடாது, விரலைச் சொடுக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர்களின் தூக்கத்துக்காக வந்த வழக்கம். இந்தப் பகுதியில் அதற்குப் பழைய காரணம் உண்டு: துவிவியர் தெருவை ஒட்டிய சந்தில் போசா நோவா கிளப்புகள் இருந்த காலத்தில், சத்தம் தாங்காத மாடிக்காரர்கள் பாட்டிலை வீசுவார்களாம். பாட்டில் சந்து என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பீரை நீங்களே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, கணக்கு எழுதுபவரிடம் சொல்ல வேண்டும். யாரும் பின்னால் வந்து எண்ணுவதில்லை, நம்பிக்கைதான். ரொக்கம் கையில் இருக்கட்டும். சாப்பாட்டை முன்பே முடித்துவிட்டு வாருங்கள்.

பார் திறந்தது 1968 டிசம்பர் 13, பிரேசில் ராணுவ ஆட்சி, குடிமக்களின் உரிமைகளைப் பறித்த ஐந்தாம் நிறுவனச் சட்டத்தைப் பிறப்பித்த அதே நாள். இந்த ஒழுங்குகளையெல்லாம் கட்டிக்காத்த உரிமையாளர் ஆல்ஃப்ரெடின்யோ 2019-இல் மறைந்த பிறகும் நண்பர்கள் இசையை நிறுத்தவில்லை.

கான்டகாலோ மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். நிகழ்ச்சி நாட்கள் மாறக்கூடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அரட்டையோடு பாட்டும் வேண்டும் என்கிற குழுவாக வந்தால் கடற்கரைச் சாலைக் கடைகள் போதும். இங்கே வர வேண்டாம்.